ரோஜான்னு சொல்லியாச்சு

ஹலோ... ஹலோ... டேய் சின்னவனே, அண்ணன் பேசறேன்... எத்தனை தடவை அடிக்கிறது? போனை அழகு பார்க்கவா வாங்கி வச்சிருக்கே?... ஓட்டிட்டிருக்கியா? அப்போ ஓரமா நிறுத்து. நான் சொல்லப் போறதைக் கேட்டா நீ வண்டியை எதுலயாவது விட்டுடுவே.

...ஏற்கெனவே நிறுத்தித்தான் வச்சிருக்கியா? அதை முதல்லயே சொல்றதுக்கு என்ன? சம்பந்தியும் அவர் வீட்டம்மாவும் பக்கத்துல இருக்காங்களா?... இறங்கிட்டாங்களா? எங்கே?... ஏதோ கடைக்கா. போகட்டும். காது கேட்கற தூரத்துல இல்லையே?... நல்லதாப் போச்சு. நம்ம வீட்டு லட்சணம் நம்மளோட இருக்கட்டும்.

...ஆமா. கேக்கைப் பத்தித்தான். வேற எதைப் பத்தி? உன் பொண்டாட்டிக்கு இன்னைக்கு ஐம்பது வயசு. ஆஸ்பத்திரியில டியூட்டி முடிஞ்சு வந்ததும் அவ வெட்டறதுக்கு ஒரு கேக் வேணும். கடையில சொல்லி வாங்கித் தொலைங்கடான்னு நான் சொன்னேனா இல்லையா?... சொன்னேன். நீதான், 'இல்லண்ணா, மருமக தன் கையால பண்ணணும்னு ஆசைப்படறா, இதுதான் முதல் தடவை'ன்னு பல்லை இளிச்சே... இளிச்சே. நான் எதிர்லதானே உக்காந்திருந்தேன். இப்போ வந்து பாரு அந்த ஆசையை. சமையல் மேடையில சாஞ்சு உக்காந்திருக்கு.

...சாஞ்சுன்னா சாஞ்சுதான்டா, அதுக்கு என்ன விளக்கம்? பஸ்ல ஜன்னலோரம் தூங்கிட்டு வர்றவன் இருக்கான் இல்ல, தலை ஒரு பக்கமா விழுந்து, வாய் திறந்து. அதே மாதிரி. மேல்பக்கம் மொட்டைத் தலை கணக்கா மேடா உப்பியிருக்கு. அதைக் கத்தியால சமமா சீவிட்டு அப்புறம்தான் க்ரீம் பூசணுமாம். இவ சீவலை... ஏன்னா? 'வேஸ்ட் ஆயிடும் பெரிய மாமா'ங்கறா. சரி, அதாவது போகட்டும். அடுப்புலேருந்து எடுத்த சூடு ஆறறதுக்குள்ளயே க்ரீமை எடுத்து அப்பியிருக்கா. அது பாட்டுக்கு வழுக்கிட்டு இறங்குது. இவ வழிச்சு மேல ஏத்தறா, அது இறங்குது. இவ ஏத்தறா, அது இறங்குது. நான் வாசப்படியில நின்னு பார்த்துட்டே இருந்தேன். இதுக்கு ஒரு முடிவே கிடையாதோன்னு ஆயிடுச்சு.

...ஆமா ஆமா. ஃபேனைப் போடச் சொன்னது நான்தான். போட்டா என்ன ஆச்சு தெரியுமா? அவ தராசுல நிறுத்து வச்சிருந்த பொடி சர்க்கரை வீடு பூரா பறந்துடுச்சு... அது ஃபேனோட தப்புடா, என் தப்பு இல்ல.

...நிறமா? ரோஜா நிறம்னு சொல்லித்தான் ஆரம்பிச்சா. வயித்துக் கோளாறுக்கு ஒரு மருந்து குடுப்பாங்களே, பாட்டிலைக் குலுக்கிட்டுக் குடிக்கிறது, அந்த நிறம். போதாக்குறைக்குக் கேக்கோட தூள் எல்லாம் க்ரீம்ல ஒட்டிக்கிட்டு, கொத்தனார் பாதியில விட்டுட்டுப் போன சுவராட்டம் நிக்குது. அதுக்கு மேல பூ வச்சிருக்கா... பூதான்னு அவளும் சொல்றா. எனக்கு முட்டைக்கோஸா தெரியுது. மூணு முட்டைக்கோஸ். ஒண்ணு பெருசு, ரெண்டு சின்னது.

...சிரி. நல்லா சிரி. மானம் போறது உனக்கும் சேர்த்துத்தான்.

...எழுத்தா? எழுத்தைப் பத்தி ஏன் கேட்கறே? யார் சொன்னா உனக்கு?... உன் பையன் போட்டோ அனுப்பினானா? நாற்காலி வாடகைக்கு எடுத்துட்டு வான்னு அனுப்பினா, அவன் போட்டோ அனுப்பிட்டிருக்கானா? சரி... ஆமா. வாசகம் நான் குடுத்ததுதான். அதுல என்ன குறை? முப்பத்தஞ்சு வருஷம் அச்சகத்துல மேற்பார்வை பார்த்தவன் நான். இந்தக் குடும்பத்துல எந்த விசேஷத்துக்கு அழைப்பிதழ் என் கை படாம போயிருக்கு? உன் கல்யாணப் பத்திரிகை யார் எழுதினது?... ம். அந்த ஞாபகம் இருக்கட்டும்.

...முறைப்படி எழுதியிருக்கேன். முதல் வரியில என் பேரு, 'அவர்கள் தலைமையில்'. ரெண்டாவது வரியில உன் பேரு, 'அவர்கள் முன்னிலையில்'. அப்புறம் 'எங்கள் இல்லத்தின் அன்புத் தலைவி'ன்னு ஆரம்பிச்சு, உன் பொண்டாட்டி பேரு, 'ஐம்பதாவது பிறந்தநாள் வாழ்த்துகள்'... கேக்குக்கு எதுக்குத் தலைமையா? ஏன்டா, தலைமை இல்லாம ஒரு விசேஷம் நடக்குமா? நாலு பேர் கூடற இடத்துல யார் பெரியவன், யார் சின்னவன்னு ஒரு முறை வேண்டாமா? சம்பந்தி வந்து பார்ப்பார் இல்ல, இந்த வீடு எப்படி நடக்குதுன்னு அவருக்குத் தெரியணுமா வேண்டாமா?

...ம். இடம் பத்தலை.

...எது வரைக்கும்னா... 'எங்கள் இல்லத்தின்' வரைக்கும் வந்திருக்கு. அதுக்கப்புறம் கேக் முடிஞ்சு போச்சு.

...ஆமாடா, பிறந்தநாள்காரி பேரு இல்ல. பிறந்தநாள்ங்கற வார்த்தையும் இல்ல. நீயும் நானும்தான் இருக்கோம்... சிரிக்காதே. சிரிக்காதேன்னு சொல்றேன் இல்ல! 'இல்லத்தின்'ல பாதி விளிம்பைத் தாண்டி, கேக்குக்கு அடியில இருக்கற அட்டைக்கு இறங்கிடுச்சு. இன்னும் ரெண்டு எழுத்து போயிருந்தா மேடையில எழுதியிருப்பா.

...நான் என்ன பண்ணுவேன்? எழுதறவளுக்கு இல்ல தெரியணும், எத்தனை எழுத்து, எவ்வளவு இடம்னு. உன் மருமக மருந்துக்கடையில நிக்கறவதானே? சீட்டுல டாக்டருங்க கிறுக்கறதையே படிக்கத் தெரியுது. ஒரு வட்டத்துக்குள்ள நாலு வரி எழுதத் தெரியலையா? உருப்பட்ட மாதிரிதான்.

இப்போ விஷயத்துக்கு வர்றேன். உன் சம்பந்தி யாருன்னு மறந்துடாதே. சோபா கடைக்காரர். கல்யாணத்துல கைகழுவற இடத்துல நின்னு அவர் தம்பிகிட்ட என்ன சொன்னார்? நான் துண்டால வாயைத் துடைச்சுக்கிட்டுப் பின்னாடியே நின்னேன். 'இவங்க எல்லாத்தையும் வீட்டுலயே பண்ணிக்கிற ஆளுங்க, செலவுன்னா கை நீளாது'ன்னார்... சொன்னார்டா. என் காது நல்லாத்தான் இருக்கு. கல்யாணம் ஆகி இன்னைக்குத்தான் முதல் தடவையா நம்ம வீட்டுப் படி ஏறப் போறார். வந்து கூடத்துல உக்காந்து, நம்ம நாற்காலியை ஒரு தட்டுத் தட்டிப் பார்ப்பார், உள்ள பஞ்சா நாரான்னு. அப்புறம் நிமிர்ந்தா எதிர்ல இது. மருந்து நிறத்துல, சாஞ்சு, முட்டைக்கோஸோட. போதும்டா. அவர் தம்பிக்குச் சொல்றதுக்கு இன்னும் பத்து வருஷத்துக்குப் பேச்சு இருக்கும்.

அதனால நீ ஒண்ணு பண்ணு. வர்ற வழியில பெரிய பேக்கரி ஒண்ணு இருக்கே, கண்ணாடிக் கதவு போட்டது. அங்க போய் மூணு அடுக்குல ஒரு கேக் வாங்கு... மூணு. ரெண்டு வேண்டாம், ரெண்டு அடுக்குன்னா யோசிச்சு வாங்கின மாதிரி தெரியும். அதைக் கொல்லைப்பக்கமா உள்ள கொண்டு வந்துடு. இதை எடுத்துத் தெரு வாட்ச்மேன்கிட்ட குடுத்துடலாம். அவன் இருட்டுல உக்காந்து சாப்பிடறவன், சாஞ்சிருக்கா நேரா இருக்கான்னு பார்க்க மாட்டான்.

...அவகிட்ட யார் சொல்றதா? நான் சொல்லிக்கிறேன். எனக்கென்ன பயம்? நான் இந்த வீட்டுக்கு... இரு. இரு இரு. வர்றா.

என்னம்மா?... இல்ல, சும்மா. உன் மாமனார்தான். எங்க வந்துட்டிருக்காங்கன்னு கேட்டேன்... ம், டீயா? வச்சுட்டுப் போ... இனிப்பு போடலை இல்ல?... சரி. ஏன் கண்ணு சிவந்திருக்கு?... சர்க்கரை விழுந்துடுச்சா. சர்க்கரைதான். ஆமா, ஃபேன் காத்துல. சரி, போய் மூஞ்சியைக் கழுவு. போ.

...ஹலோ. போயிட்டா. கண்ணு ரத்தமா சிவந்திருக்கு. சர்க்கரையாம். எனக்கு என்ன காதுல பூவா சுத்தியிருக்கு?... நான் எங்க திட்டினேன்? ஒரு வார்த்தை சொல்லலை. வாசப்படியில நின்னு பார்த்தேன், அவ்வளவுதான்... பார்த்தாலே திட்டின மாதிரி இருக்குமா? அப்போ கண்ணை மூடிக்கிட்டா நிக்கணும்?

இருடா, டீக்குக் கீழ வைக்க ஒரு தட்டு எடுத்துக்கறேன். புது மேஜை, தடம் விழுந்துடும்... எங்க போச்சு எல்லாத் தட்டும்? இந்த வீட்டுல ஒரு தட்டுக் கூட வச்ச இடத்துல... கொல்லைப்பக்கம் இருக்கோ என்னவோ. இரு. நடந்துக்கிட்டே பேசறேன்.

...ம்.

...ம், இருக்கேன். லைன்லதான் இருக்கேன்.

...ஒண்ணுமில்ல. தட்டெல்லாம் இங்கதான் இருக்கு. துவைக்கிற கல்லு மேல. நாம சாப்பிடற பெரிய தட்டு எல்லாத்தையும் கவுத்து வச்சிருக்கா. கவுத்து, பின்பக்கத்துல க்ரீமால எழுதிப் பார்த்திருக்கா... எதைன்னா? நான் குடுத்த வாசகத்தைத்தான். எல்லாத் தட்டுலயும் என் பேருடா. முதல் தட்டுல கோணல் மாணலா இருக்கு, கடைசித் தட்டுல... பரவாயில்ல. வரி நேரா வந்திருக்கு. 'அவர்கள்' போட்டிருக்கா, எந்தத் தட்டுலயும் விடலை. தட்டுல எல்லாம் முழு வாசகமும் வந்திருக்கு. உன் பொண்டாட்டி பேரு, ஐம்பது, பிறந்தநாள், எல்லாம்.

...ஆமா, தட்டு பெருசு. கேக் சின்னது. அதான்... அதானே. அச்சடிக்கிற தாளோட அளவு என்னன்னு கேட்காம வாசகத்தைக் குடுத்தா... ...இல்ல, ஒண்ணும் சொல்லலை. இருமல். இத்தனை தட்டையும் இப்போ யார் கழுவறது? வர்றவங்களுக்கு எதுல சாப்பாடு போடறது? அறிவு வேண்டாம் ஒரு பொண்ணுக்கு? க்ரீம் பிசுக்கு லேசுல போகுமா?

நீ பேக்கரியைப் பாரு. பேச்சை வளர்க்காதே. மூணு அடுக்கு... என்ன சத்தம் அது? கதவு சாத்தினாங்களா? யாரு சிரிச்சது?... இல்ல, இது நீ சிரிக்கற சிரிப்பு இல்ல. நீ மூக்கால சிரிப்பே. இது வயித்துலேருந்து வருது.

...ஸ்பீக்கர்லயா?

...கார்ல இருந்தா போன் தானாவே ஸ்பீக்கர்ல போயிடுமா? அதை இப்போ சொல்றியே, நீ மனுஷன்தானா? ஜன்னல்கிட்டயே நின்னுட்டிருந்தாரா? எதுலேருந்து கேட்டிருக்கார்?... முட்டைக்கோஸ்லேருந்தா!

...

வணக்கம் சம்பந்தி. சௌக்கியமா?... சௌக்கியம்தான்... பயணம் எல்லாம் நல்லபடியா இருந்ததா?... ம்... ம். உங்க வீட்டம்மா?... ம்... கல்யாணமா? கை கழுவற இடமா? அதெல்லாம் நீங்க சொன்னதா யார் சொன்னா? என் தம்பிக்கு ஞாபக மறதி. நானும் அவன்கிட்ட ஏதோ உளறிட்டிருந்தேன். வயசாயிடுச்சு பாருங்க.

...என்னது?... வாங்கியே ஆச்சா? எது?... இப்போ கடைக்குப் போனது அதுக்குத்தானா? மூணு அடுக்கா... பலே. தங்க முத்து எல்லாம் வச்சா... பேஷ். முன்னாடியே சொல்லி வச்சிட்டீங்களா? எப்போ?... ஓஹோ. அவ வீட்டுலயே பண்றேன்னு உங்ககிட்ட போன்ல சொன்ன அன்னைக்கேவா?

...

இல்ல, காதுல விழுது. சொல்லுங்க... ம்... உங்க பொண்ணைப் பத்தி உங்களுக்குத் தெரியாதா... ம்... சின்ன வயசுலேருந்தேவா... கை வராதா... எதையும் உருப்படியா முடிக்க மாட்டாளா. ஓஹோ... எங்களைப் பார்த்தா உங்களுக்குப் பாவமா இருக்கா?... ம்... 'வந்தவங்க கண்ணுல படறதுக்கு முன்னாடி அதைக் குப்பையில கொட்டிடுங்க'.

...

சம்பந்தி. ஒரு நிமிஷம். ஒரே ஒரு நிமிஷம் நீங்க சிரிக்கறதை நிறுத்திட்டுக் கேட்டா நல்லது.

நான் இப்போ என் தம்பிகிட்ட பேசிட்டிருந்தேன். நீங்க அதைக் கேட்டுட்டீங்க. கேட்டது உங்க தப்பு இல்ல, அவன் காரோட தப்பு. ஆனா அது எங்க வீட்டுப் பேச்சு. என் வீட்டுக் கேக்கை நான் ஆயிரம் சொல்லுவேன். மொட்டைங்கலாம், சுவருங்கலாம். நான் சொல்றேன், அது எனக்கு உரிமை. நீங்க சொன்னா அது வேற... எப்படி வேறன்னா? பெத்தவர் நீங்க. பொண்ணு வாழப் போன வீட்டுல, அவ பெரிய மாமனார் காதுபட, 'அவளுக்குக் கை வராது'ன்னு சொல்றீங்களே, கடையில உங்க சோபாவையே நீங்க அப்படி விட்டுக்குடுப்பீங்களா? பஞ்சு இல்லாததையும் பஞ்சுன்னு சொல்லித்தானே விக்கறீங்க?

...கோபம் எல்லாம் இல்ல. எனக்கு எதுக்குக் கோபம்? கேக்கா? கேக்குக்கு ஒரு குறையும் இல்ல. சாஞ்சிருக்கா? எங்க மேடை சாஞ்சிருக்கு. கொத்தனார் பண்ணினது. நிறம் நான் சொன்ன நிறம்... ஆமா, எனக்குப் பிடிச்ச நிறம். உங்களுக்கு ஆட்சேபம் இருக்கா?... முட்டைக்கோஸா? யார் சொன்னா? அது ரோஜா... நான் சொன்னேன்தான். கண்ணாடி போடாம சொன்னேன். இப்போ போட்டுக்கிட்டுக் கேக் முன்னாடியே வந்து நிக்கறேன். ரோஜா.

...நீங்க வாங்கினது வாங்கினதா இருக்கட்டும். முத்து வச்சது எல்லாம் அழகாத்தான் இருக்கும். அது கார்லயே இருக்கட்டும். ஏசியைப் போட்டு வைங்க, கெட்டுப் போகாது. திரும்பிப் போறப்போ உங்க தம்பிக்கு எடுத்துட்டுப் போங்க, அவர்கிட்ட பேச ஏதாவது வேணும் இல்ல? எங்க வீட்டுக்குள்ள நீங்க கையை வீசிட்டு வாங்க. அதுதான் எங்களுக்கு மரியாதை. இங்க இவ பண்ணினதைத்தான் வெட்டுவோம். முதல் துண்டு பிறந்தநாள்காரிக்கு. ரெண்டாவது துண்டு உங்களுக்கு. நான் எதிர்ல உக்காந்து பார்த்துட்டிருப்பேன். மிச்சம் வைக்காம சாப்பிடணும்.

...சின்னவனே, நீ குறுக்க பேசாதே. நீ இன்னைக்குப் பண்ணினது போதும்.

...

யாரது கதவுகிட்ட?... எவ்வளவு நேரமா நிக்கறே?... சரி, நின்னதோ நின்னாச்சு, உள்ள வா. மூஞ்சியைக் கழுவினியா? அந்த நீளக் கத்தியை எடு... அது இல்லம்மா, தட்டையா இருக்கே, அதை. எடுத்து, முதல் வரியை வழி... எந்த முதல் வரின்னா? என் பேரு இருக்கற வரி. தலைமை.

...முழிக்காதே. வழின்னா வழி. கேக்குல பேரு போட்டாத்தான் தலைவன்னு தெரியும்ங்கற நிலைமையில நான் இல்ல... 'அவர்கள்' சேர்த்துத்தான், அதை மட்டும் வச்சுக்கிட்டு என்ன பண்ணப் போறே? அப்புறம் ரெண்டாவது வரி. உன் மாமனார் முன்னிலை. அதையும் வழிச்சு எடு. அவர் முன்னிலையில இன்னைக்கு நடந்த லட்சணத்தைத்தான் பார்த்தோமே. 'எங்கள் இல்லத்தின்' அட்டைக்கு இறங்கினது இருக்கே, அதையும் துணியால துடை.

இப்போ இடம் இருக்கா?... அத்தை பேரைப் போடு. பேரு மட்டும். பெருசா, நடுவுல. வாழ்த்து எல்லாம் வாயால சொல்லிக்கலாம்... எழுதறதுக்கு முன்னாடி எத்தனை எழுத்துன்னு எண்ணிக்கோ. குச்சியால லேசாக் கீறி இடம் பார்த்துக்கோ. அச்சகத்துல அப்படித்தான்... ஆமா, அளவு நான் முன்னாடியே கேட்டிருக்கணும். சரி, சரி, அதையே பிடிச்சுக்காதே.

இன்னொண்ணு. இங்க பாரு. உங்கப்பாகிட்ட ரோஜான்னு சொல்லிட்டேன். சொன்ன சொல் மாறி எனக்குப் பழக்கம் இல்ல. அவங்க வந்து சேர இன்னும் அரைமணி நேரம் இருக்கு. அதுக்குள்ள அந்த மூணு முட்டைக்கோஸையும் ரோஜாவா ஆக்கறது உன் பாடு... முடியாட்டி என்னவா? முடியாட்டியும் ரோஜாதான். எவனாவது வேற பேரு சொல்லட்டும், பார்க்கறேன்.

...ஹலோ? இன்னும் லைன்லதான் இருக்கீங்களா சம்பந்தி?... என்னது, என்ன சொன்னேனா?

...உங்ககிட்ட இல்லீங்க. எங்க வீட்டுப் பொண்ணுகிட்ட பேசிட்டிருக்கேன். வச்சுடறேன்.